மிச்சமிருந்த ஓட்டம்

மாப்பிள்ளை வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த லாயத்தில் யாருக்கும் ஓரிடத்தில் உட்கார நேரமில்லை.

அது பந்தயத்தில் ஓடி, காலில் அடிபட்டு, ஓய்வு கொடுக்கப்பட்ட குதிரை. செம்பழுப்பு நிறம், நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. ஓடுகளத்தில் அதற்கு வாய் நிறையச் சொல்லும்படி நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வந்த முதல் வேளையே தண்ணீர்த் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புல்லைக் கலைத்துப் போட்டது. பக்கத்து அறைக்குத் தீவனம் முதலில் போய்விட்டதென்று கதவை உதைத்தது.

"மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை தோத்தான் போ" என்றார் லாடக்காரர். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

லாடக்காரரின் மனைவிதான் அந்த இடத்தை நடத்தினாள். ஓடி முடித்த குதிரைகளையும் அடிபட்ட குதிரைகளையும் சொந்தக்காரர்கள் அவளிடம் கொண்டுவந்து விடுவார்கள். சிலது தேறி வேறு வேலைக்குப் போகும். சிலது கடைசிவரை அங்கேயே இருந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பு குதிரை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். எல்லோரும் அவளை லாயத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட.

மாப்பிள்ளைக்கு இடது முன்னங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம், ஒரு வாழைப்பழத்தை ஒட்டவைத்தது போல வீக்கம். மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும், அப்புறம் கயிறு பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும் என்றாள் குதிரை டாக்டர். நிற்பதென்றால் என்னவென்றே மாப்பிள்ளைக்குத் தெரியாது. கதவிலிருந்து பின்சுவருக்கு, பின்சுவரிலிருந்து கதவுக்கு என்று சுற்றிக்கொண்டே இருந்தது. தரையில் பரப்பியிருந்த மரத்தூளில் வட்டமாக ஒரு தடம் விழுந்தது. காலையில் அக்கா அதைச் சமன் செய்தால் மதியத்துக்குள் மறுபடி பள்ளம். தின்றதெல்லாம் நடப்பதிலேயே கரைந்து விலா எலும்பு தெரிந்தது.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். தெரு தெரிகிற மூலை அறைக்கு மாற்றினாள். ஒவ்வொரு வாயாகப் பிடுங்கித் தின்னட்டும் என்று சின்னக் கண்ணி வலையில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டாள். எதற்கும் பதறாத வயதான வெள்ளைக் குதிரை ஒன்றைப் பக்கத்து அறையில் கொண்டுவந்து கட்டினாள். அதைக் கிழவி என்பார்கள். கிழவியைப் பார்த்து மாப்பிள்ளை கொஞ்சம் நிற்கும். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி சுற்றத் தொடங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தம்பி பஞ்சுவும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பஞ்சு ஜாக்கி. பிறந்தபோதே பஞ்சு மாதிரி இருந்தான், வளர்ந்த பிறகும் அப்படியே இருந்தான், அதனால் அந்தப் பெயர். வேறொரு குதிரை மீது ஓடிக்கொண்டிருந்தபோது வளைவில் அது தடுக்கி விழ, இவன் தூக்கி எறியப்பட்டான். தோளெலும்பு முறிந்தது. தலையிலும் அடி. பின்னால் வந்த குதிரைகள் எப்படியோ அவனைத் தாண்டிப் போய்விட்டன. எலும்பு கூடும்வரை அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று ஏற்பாடு.

அவனும் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தான். போனை எடுத்துப் பார்ப்பான், வைப்பான், திரும்பி எடுப்பான். எந்தப் பயிற்சியாளரும் கூப்பிடவில்லை. எடை ஏறிவிடக் கூடாதென்று தட்டில் பாதியை ஒதுக்கினான்.

"நம்மகிட்ட இப்போ ரெண்டு நோயாளி. ஒண்ணு புல்லாவது திங்குது" என்றார் லாடக்காரர்.

"சும்மா இருங்க மாமா" என்று பஞ்சு சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனான்.

கைக்கட்டை அவிழ்த்ததும் மாப்பிள்ளையை நடத்துகிற வேலையை அக்கா அவனிடம் கொடுத்தாள். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் இழுத்துப் பறிக்கிற குதிரை அவனோடு தோளுக்குத் தோள் நடந்தது. லாயத்துச் சுவரோரமாக முதலில் ஒரு சுற்று, போகப் போக நீண்ட சுற்று. நடந்து வந்ததும் அக்கா அதன் காலில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சுவாள், துடைப்பாள், தடவிப் பார்ப்பாள், துணி சுற்றுவாள். கட்டை விரலால் அந்தத் தசைநாரை மேலிருந்து கீழாக வழித்துப் பார்ப்பது அவள் பழக்கம். வாழைப்பழம் மெலிந்தது. சூடு தணிந்தது. பிறகு ஒருநாள் சிறிய அடைப்புக்குள் அவிழ்த்துவிட்டார்கள். அதற்கும் பிறகு பெரிய மைதானம்.

பெரிய மைதானத்தில் விட்ட அன்று அது முதலில் தலையைக் குனிந்து மண்ணை முகர்ந்தது. ஒரு முறை உருண்டு புரண்டு எழுந்தது. அப்புறம் ஓடியது. இந்த வேலியிலிருந்து அந்த வேலிவரை, திரும்பி அந்த வேலியிலிருந்து இந்த வேலிவரை. வாளியோடு நின்ற அக்கா அதைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். தன் கையால் செய்த வேலை கண்ணெதிரே ஓடுகிறதே என்றிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளையின் சொந்தக்காரரும் வந்திருந்தார். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல். வாரம் தவறாமல் கேரட் பையோடு வருவார். அவர் மனைவி காரிலேயே உட்கார்ந்திருப்பாள், குதிரை வாடை ஆகாது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேரட்டை மறந்துவிட்டார்.

"ஏம்மா, இதைப் போயா நான் ஓய்வு கொடுத்து வச்சிருக்கேன்?"

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் வந்தாள்.

"மைதானத்துல துள்ளறது வேற சார். பந்தயத்துல ஓடறது வேற."

"இல்லைம்மா. பாருங்க. இதுக்குள்ள இன்னும் ஓட்டம் மிச்சம் இருக்கு."

அடுத்த வாரம் டாக்டரை அழைத்து வந்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசுகிற பெண். திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாக் கூடியிருக்கு. இவ்வளவு நல்லாக் கூடும்னு நானே நினைக்கலை" என்றாள். "ஆனா கிழிஞ்ச துணியைத் தைச்ச மாதிரிதான். தையல் பலமாத்தான் இருக்கு. என்னைக்கு விடும்னு கேட்டா எனக்குத் தெரியாது. விடாமலேயும் போகலாம்."

"அப்போ ஓடலாம்ங்கிறீங்க."

"கூடாதுன்னு நான் எழுதித் தர முடியாது. என் குதிரையா இருந்தா ஓட விட மாட்டேன்."

டைல்ஸ் கடைக்காரர் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ஓடுகளத்தில் ஒருநாள் காலையில் ஓடவிட்டுப் பார்ப்போம், சரியாக இருந்தால் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் பஞ்சு சொன்னான்: "நான் ஏறறேன் சார்."

அன்று மத்தியானம் சமையலறையில் அக்காவுக்கும் தம்பிக்கும் முட்டிக்கொண்டது.

"உனக்கு ஏறணும்னா வேற குதிரையே கிடைக்கலையா?"

"கிடைக்கலையே. யாராவது கூப்பிட்டாங்களா? நீதான் பார்த்துக்கிட்டு இருக்கியே."

"அதுக்கு இதோட காலைப் பணயம் வச்சுப் பார்க்கணுமா?"

"அக்கா, அது ஓடப் பிறந்தது. நீ அதை இங்க வச்சு மேய்ச்சா சந்தோஷமா இருக்கும்னு நினைக்கிறியா? ரூமுக்குள்ள எத்தனை சுத்து சுத்துச்சு, பார்த்தேல்ல? நானும் அப்படித்தான் சுத்திக்கிட்டு இருக்கேன்."

அவள் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஒரு நினைப்பு விடாமல் அரித்தது. ஒரு போன் போதும். 'சார், காலையில பார்த்தேன், கொஞ்சம் நொண்டுது' என்றால் முடிந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். லாயத்தக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். அதனாலேயே அவளால் சொல்ல முடியவில்லை. இத்தனை காலம் சேர்த்து வைத்த பேரைப் பொய்க்குச் செலவழிப்பதா என்று ஒரு பக்கம். வைத்தியத்தைக் கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் இந்தக் குதிரை தப்பித்திருக்குமே என்று இன்னொரு பக்கம். கூட்டிய முற்றத்தைக் கூட்டினாள். மாட்டியிருந்த கயிறுகளை எல்லாம் இறக்கி, உதறி, மாட்டினாள்.

"கூட்டிக் கூட்டித் தரைக்கு அந்தப் பக்கம் போயிடாதே" என்றார் லாடக்காரர்.

ஓடவிடும் நாளன்று காலை ஓடுகளம் ஈரமாகவும் ஆளில்லாமலும் இருந்தது. டைல்ஸ் கடைக்காரர் கழுத்தில் பைனாகுலரோடு நின்றார். பக்கத்தில் அவருடைய பழைய பயிற்சியாளர். லாடக்காரர் நான்கு குளம்பையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, தலையசைத்தார். அக்கா அந்த இடது காலைக் கடைசியாக ஒருமுறை வழித்துப் பார்த்தாள். குளிர்ச்சியாக, கயிறு போல விண்ணென்று இருந்தது. தன் வேலை நன்றாக இருப்பதை அன்றைக்குப் போல அவள் ஒருநாளும் வெறுத்ததில்லை.

பஞ்சு ஏறி உட்கார்ந்தான். அவன் உதடு வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலில் மெல்ல ஒரு சுற்று. அப்புறம் வேகம் கூடியது. எதிர்ப்பக்கம் போனபோது சின்னதாகத் தெரிந்த குதிரை வளைவில் பெரிதாகி வந்தது. நேர்ப்பாதையில் திரும்பியதும் உடம்பைத் தாழ்த்தி நீட்டியது. அக்கா ஆயிரம் குதிரைகள் ஓடிப் பார்த்தவள், இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு அழகாக இருந்தது. பயிற்சியாளர்கூட "அடேயப்பா" என்றார்.

திடீரென்று பஞ்சு சேணத்தில் எழுந்து நின்று கடிவாளத்தை இழுத்தான். மாப்பிள்ளை தலையை உதறிக்கொண்டு, புரியாமல், பக்கவாட்டில் தத்தித் தத்தி நின்றது. அவன் குதித்து இறங்கி இடது முன்னங்காலைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்தான்.

எல்லோரும் ஓடினார்கள். டைல்ஸ் கடைக்காரரால் ஓட முடியவில்லை. அவர் வேலியைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டார்.

"கால் சரியில்லை. உள்ள ஏதோ பிடிக்குது" என்றான் பஞ்சு.

பயிற்சியாளர் தொட்டுப் பார்த்தார். "சூடு ஒண்ணும் இல்லையேப்பா."

"மேல உட்கார்ந்தவனுக்குத் தெரியும் சார்."

குதிரையை வண்டியில் ஏற்றினார்கள்.

லாயத்துக்கு வந்து அக்கா குதிரையின் காலில் தண்ணீர் பீய்ச்சினாள். துடைத்தாள். மேலிருந்து கீழாக வழித்தாள். ஒன்றுமில்லை. மாப்பிள்ளையைச் சிமெண்டு முற்றத்தில் தானே பிடித்து ஓட்டிப் பார்த்தாள். குளம்புச் சத்தம் கடிகாரம் மாதிரி விழுந்தது, ஒரு அடிகூட லேசாக விழவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் பஞ்சு இருந்த பக்கம் ஒருமுறை கண்ணைக் காட்டிவிட்டு, தன் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஞ்சு தண்ணீர்க் குழாயருகே கவிழ்த்த வாளி மீது உட்கார்ந்திருந்தான். அவன் அப்படி அசையாமல் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

"காலுக்கு ஒண்ணுமில்லைடா" என்றாள்.

"தெரியும்."

அவள் குதிரையைக் கட்டிவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"சூப்பரா ஓடுச்சுக்கா. நான் ஏறின எதுவும் அப்படி ஓடினதில்லை. வளைவு தாண்டினதும் காதைப் பின்னாடி சாய்ச்சு, போகட்டுமான்னு கேட்டுச்சு. போன்னு சொல்லணும், அவ்வளவுதான் என் வேலை." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "கை இழுத்துடுச்சு. நான் இழுக்கலை, கை இழுத்துச்சு. தரை அப்படியே மேல வர்ற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் பார்க்கிறாங்க. அதான் காலைப் பிடிச்சிக்கிட்டேன்."

அக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். குதிரை போகாது. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்துக்காகக் கூச்சம் வந்தது. பிறகுதான் எதிரே உட்கார்ந்திருப்பவன் தன் தம்பி என்பது உறைத்தது.

"விட்டுடுக்கா" என்றான். "அதுவும் தப்பிச்சுது. நானும் தப்பிச்சேன். நீயும் இதைத்தானே கேட்டே?"

"நான் கேட்டது இது இல்லைடா."

சொல்லிவிட்டாளே தவிர, தான் கேட்டது இதுதானோ என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தான் சொல்லாமல் விட்ட பொய்யைத் தம்பி சொல்லிவிட்டான். அது இப்போது தன் லாயத்தில், தன் கூரைக்குக் கீழே இருக்கிறது. சொன்னால் மாப்பிள்ளை மறுபடி ஓடுகளத்துக்குப் போகும், தம்பி ஊர் சிரிக்கிற ஆளாவான். சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு அந்த மனிதர் கேரட்டோடு வந்து, "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கும்போது என்ன சொல்வது?

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் நடந்துகொண்டே இருந்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். தீவனத்தை மாற்றிப் போட்டுவிட்டாள். கிழவி தன் தொட்டிக்கு வந்த மாப்பிள்ளையின் தீவனத்தைச் சத்தமில்லாமல் தின்று தீர்த்தது. பஞ்சு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் காலை அவன் வீட்டில் இல்லை. சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றார் லாடக்காரர். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் டைல்ஸ் கடைக்காரரின் கார் வந்து நின்றது. கேரட் பை இல்லை. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போனாள்.

"சார், நானே உங்களைக் கூப்பிடணும்னு..."

"உங்க தம்பி கடைக்கு வந்தாரும்மா" என்றார் அவர். குரல் அவருடையது போலவே இல்லை. "கடையில ஆளுங்க இருக்காங்க. நின்னுக்கிட்டே சொன்னாரு. கால் நல்லா இருக்கு, பயந்தது நான்தான்னு. கையில ஒரு டைல்ஸ் வச்சிருந்தேன். போட்டு உடைக்கலாம்னு வந்துச்சு. அப்படியே கீழ வச்சேன்."

"தப்புதான் சார். எனக்கும் அன்னைக்கே தெரியும். நானும் சொல்லலை. கால் நல்லாத்தான் இருக்கு. இனிமே நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி."

அவர் மூலை அறைப் பக்கம் நடந்தார். மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி அவர் சட்டைப் பையைத் துழாவியது.

"அன்னைக்கு அவர் எழுந்து நின்னு இழுத்தாரே" என்றார், "கால் ஒடிஞ்சிருச்சுன்னு நினைச்சேன். திரை கட்டி மறைச்சு ஊசி போட்டு முடிச்சிருவாங்கன்னு நினைச்சேன். முன்னாடி ஒரு குதிரைக்கு அப்படி ஆயிருக்கு எனக்கு. என் காலு நகரவே இல்லை. ராத்திரி சோறு இறங்கலை. எம் பொண்டாட்டி கேட்டா, இவ்வளவு பயம்னா எதுக்கு ஓட வைக்கிறீங்கன்னு. அவளுக்குக் குதிரைன்னாலே ஆகாது, அவ கேட்கிறா."

அக்கா குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

"கால் நல்லா இருக்குன்னு உங்க தம்பி சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரணுமா இல்லையா? பயம்தாம்மா வந்துச்சு. ஐயையோ, மறுபடி ஓட வைக்கணுமேன்னு." குதிரையின் மூக்கை மெல்லத் தள்ளிவிட்டார். "வேணாம். இங்கயே இருக்கட்டும். கால் நல்லாவே இருக்கட்டும்."

போகும்போது காரருகே நின்று, "உங்க தம்பியை நான் திட்டிட்டேன். கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன். சொல்லிடுங்க" என்றார். எதைச் சொல்வது என்று அவர் விளக்கவில்லை.

பஞ்சு பொழுது சாயும்போது வந்தான். எங்கெங்கோ நடந்திருக்கிறான், செருப்பெல்லாம் புழுதி. அக்கா சோற்றைப் போட்டாள். அவன் எதையும் ஒதுக்காமல் தின்றான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்றான். அவள் எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மோர் இருக்கிறதா என்று கேட்டான்.

"ஊரெல்லாம் பேசுவாங்களே, மச்சான்" என்றார் லாடக்காரர்.

"இந்நேரம் பேசி முடிச்சிருப்பாங்க மாமா."

பேசி முடிக்கவில்லை. கொஞ்ச நாள் பேசினார்கள். பஞ்சுவைக் கண்டால் சிலர் கடிவாளம் இழுப்பது போலக் கையைக் காட்டிச் சிரித்தார்கள். அவன் அதற்குள் வேறு வேலை பிடித்துவிட்டான், குதிரைகளை ஏற்றிப் போகிற வண்டிக்கு டிரைவர். ஓடுகளத்திலிருந்து லாயத்துக்கு, லாயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு. அக்காவுக்கு அது ஏனோ பிடிக்கவில்லை. இங்கேயே இருந்து குதிரைகளைப் பார்த்துக்கொள்ளேன் என்று கேட்டுப் பார்த்தாள்.

"இங்க இருந்தா நிக்கணும்க்கா. இது உட்கார்ந்து செய்யற வேலை. ஆனா ஓடிக்கிட்டே இருக்கும்" என்றான்.

ராத்திரியில் இன்னும் சில சமயம் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறானாம். போனில் சொன்னான். மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறேன், கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்றும் சொன்னான்.

மாப்பிள்ளை தங்கிவிட்டது. அமைதியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். மைதானத்தில் கிழவி ஓரிடத்தில் நின்று மேய, அது வேலியோரமாகப் போகும், வரும், போகும். ஆனால் சதை பிடித்துவிட்டது, ரோமம் மின்னுகிறது. தினமும் காலையில் அக்கா அதைக் கால்வாய்க் கரைவரை நடத்திக்கொண்டு போகிறாள். திரும்பும் வழியில் எப்போதும் அதற்கு அவசரம், அவளை இழுத்துக்கொண்டு வரும். டைல்ஸ் கடைக்காரர் ஞாயிறுதோறும் வருகிறார். வேலிக்கு அந்தப் பக்கம் அது கொஞ்சம் வேகமாக ஓடினால், "மெல்லடா, மெல்ல" என்கிறார். ஒருநாள் அவர் மனைவிகூட காரைவிட்டு இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனாள்.

போன வாரம் பஞ்சுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. பின்கதவைத் திறந்தான். உள்ளே கறுப்புக் குதிரை ஒன்று, பெண், பின்னங்காலில் கட்டு. உடம்பெல்லாம் வேர்த்து, கண்ணின் வெள்ளை தெரிய நின்றது. பஞ்சு உள்ளே ஏறி அதன் கழுத்தில் கை வைத்து, காதருகே ஏதோ பேசிக்கொண்டே, மெல்ல இறக்கிக்கொண்டு வந்தான். கயிற்றை அக்கா கையில் கொடுத்தான்.

"வழியெல்லாம் உதைச்சிக்கிட்டே வந்துச்சுக்கா. பார்த்துக்க."

"உள்ள வா. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ."

"வண்டியை ஆஃப் பண்ணலைக்கா. இன்னொண்ணு காத்துக்கிட்டு இருக்கு."

அவன் போய்விட்டான். கறுப்புக் குதிரை வண்டி போன திக்கைப் பார்த்து ஒருமுறை கனைத்தது. அக்கா கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, "வாடி, தண்ணி குடிக்கலாம்" என்று அதை உள்ளே நடத்திக்கொண்டு போனாள்.